பராக்குப் பார்த்து நடப்பது எப்படி: நகரத் தெருக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உடற்பயிற்சிக்காக நடப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது. எத்தனை காலடி, எத்தனை கலோரி என்று கணக்குப் பார்த்துக்கொண்டு நடப்பவர் தெருவைப் பார்க்க மாட்டார். பார்த்தால் வேகம் குறைந்து கணக்கு கெட்டுவிடும். இங்கே சொல்லப்போவது வேறு வகை நடை. ஒரு விடுமுறை நாளில், நகரத்தின் ஏதோ ஒரு குடியிருப்புப் பகுதியில், இரண்டு மணி நேரம் பராக்குப் பார்த்தபடி சுற்றி வருவது. அங்கேயே பல ஆண்டுகளாகக் குடியிருப்பவரும் கவனித்திராத சில செய்திகளுடன் திரும்பி வருவது.

பராக்குப் பார்ப்பதற்குக்கூட முறை வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டும். முறையில்லாமல் நடந்தால் கண் தானாகவே பளபளப்பானதைத் தேடிப் போகும்: புதிய அடுக்குமாடி, பெரிய விளம்பரப் பலகை, சுவரோவியம். அவை நம் கண்ணில் பட வேண்டும் என்றே வைக்கப்பட்டவை. அவற்றிலிருந்து தெரிந்துகொள்ளக் கொஞ்சம்தான் இருக்கிறது. தெரு உண்மையைப் பேசுவது பழுதுபார்த்த இடங்களில்தான் என்பது என் கட்சி. ஒட்டுப்போட்ட தார், நடுவில் அடைக்கப்பட்ட ஜன்னல், வாசற்படிக்கு முன்னால் முட்டுக்கொடுத்த இரண்டு செங்கல், மரத்தடிக்கு யாரோ கொண்டுவந்து போட்ட பழைய நாற்காலி. திட்டமிட்டவர்கள் மறந்ததை மக்கள் தாங்களே ஒப்பேற்றிக்கொண்ட இடங்கள் இவை. இந்த வழிகாட்டி முழுவதும் அவற்றைத் தேடிப் போகிறது.

முதல் படி: இடமும் நேரமும்

தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 5 கி.மீ. வேகத்தில் நடப்பார். ஒன்று முதல் ஒன்றரை கி.மீ. நீளமுள்ள சுற்று போதும். வேலைக்குப் போகும் வேகத்தில் நடந்தால் இருபது நிமிடங்களில் முடிந்துவிடும் அந்தத் தூரத்தை இரண்டு மணி நேரத்துக்கு இழுக்க வேண்டும். முதல் அரை மணி நேரம் கால் பரபரக்கும். பிறகு அடங்கிவிடும்.

சுற்றைத் தேர்ந்தெடுக்கும்போது அதில் மூன்று வகை இடங்கள் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்: பழைய குறுகிய தெரு ஒன்று, வண்டிகள் ஓடும் பெரிய சாலை ஒன்று, ஏதாவது ஓர் எல்லை. எல்லை என்றால் ரயில் பாதை, கால்வாய், பெரிய வளாகத்தின் மதில். அமெரிக்காவில் நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ், இத்தகைய எல்லைகளை ஒட்டிய தெருக்கள் களையிழந்துபோவதை 1961-லேயே விளக்கினார். அந்தப் பக்கம் போக வழியில்லை என்றால் இந்தப் பக்கம் வர யாருக்கும் வேலையில்லை. மதிலோரத்தில் நடக்கும்போது கடைகள் எந்த இடத்தில் தீர்ந்துபோகின்றன, குப்பை எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள். ஜேக்கப்ஸ் 2006-இல் மறைந்தார்; அடுத்த ஆண்டு டொராண்டோவில் அவர் நினைவாகத் தொடங்கிய கூட்டு நடை இன்று பல நாடுகளில் மே மாத முதல் வார இறுதியில் நடக்கிறது. கூட்டமாக நடப்பதில் வேறு பயன்கள் உண்டு. ஊன்றிப் பார்ப்பதற்குத் தனியாகவோ, அதிகம் பேசாத ஒரு துணையுடனோ போவதே நல்லது.

ஏன் விடுமுறை நாள்? வேலை நாளில் தெரு அதைக் கடந்து போகிறவர்களின் கையில் இருக்கிறது. விடுமுறை நாளில் குடியிருப்பவர்கள் கைக்குத் திரும்புகிறது. வண்டி குறைவு என்பதால் நின்று அண்ணாந்து பார்க்கலாம், யாரும் இடிக்க மாட்டார்கள். காலை ஏழு மணிக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். முந்தைய இரவு மழை பெய்திருந்தால் அந்த வாய்ப்பைத் தவறவிடாதீர்கள். நீர் எங்கே தேங்கியிருக்கிறது, எந்தச் சுவர் நனைந்திருக்கிறது என்பதைப் போல ஒரு பகுதியின் மேடு பள்ளத்தைக் காட்டிக்கொடுப்பது வேறில்லை.

வரைபடத்தை முன்கூட்டியே பார்க்காதீர்கள். பார்த்தால் அதில் இருப்பதைத்தான் தேடுவீர்கள்.

கையில் என்ன இருக்க வேண்டும்

சட்டைப்பைக்குள் அடங்கும் குறிப்பேடு, பென்சில், தண்ணீர். பேனா நனைந்தால் எழுத்து கலையும்; பென்சில் எழுத்துக்கு அந்தக் கவலை இல்லை. நீளம் அளக்க உங்கள் காலடியே போதும்: தெரிந்த நீளமுள்ள ஓரிடத்தில், உதாரணமாக நூறு மீட்டர் ஓட்டப் பாதையில், இயல்பாக நடந்து எத்தனை காலடி ஆகிறது என்று ஒருமுறை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசிக் கேமராவை எழுத்துகளைப் பதிவு செய்ய மட்டும் எடுங்கள்: இரும்பு மூடியில் வார்த்த பெயர், கல்வெட்டில் உள்ள ஆண்டு போன்றவை. மற்றதை எல்லாம் படமெடுக்கத் தொடங்கினால் கைப்பேசி பார்க்கும், நீங்கள் பார்க்க மாட்டீர்கள்.

இரண்டாம் படி: காலடியிலிருந்து தொடங்குங்கள்

எல்லோரும் கட்டடங்களில் தொடங்குவார்கள். தரையில் தொடங்குங்கள். ஒரு பகுதியின் வரலாறு அதிகமாகப் பதிவாகியிருப்பது சாலையில்தான். அதைப் படிக்கத்தான் ஆளில்லை.

முதலில் மட்டத்தைக் கவனியுங்கள். பழைய வீடுகளின் வாசல் தெருவைவிடத் தாழ்ந்திருக்கிறதா? உள்ளே போக ஒரு படி இறங்க வேண்டியிருக்கிறதா? பள்ளத்தில் யாரும் வேண்டுமென்றே வீடு கட்டுவதில்லை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே மீண்டும் மீண்டும் தார் போட்டதால் சாலை உயர்ந்திருக்கிறது. வாசலில் கட்டிய சிறு சிமெண்டுத் தடுப்பு, சாய்த்துப் போட்ட பலகை, மண் மூட்டை ஆகியவை அந்த உயர்வுக்கு வீட்டுக்காரர் சொன்ன பதில்கள். அதே தெருவில் புதிய வீடுகளின் அடித்தளம் இடுப்பளவு உயர்ந்திருக்கும். அடுத்த இருபது ஆண்டுத் தாரையும் கணக்கில் எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். தாழ்ந்த வாசலிலிருந்து உயர்ந்த வாசல்வரை ஒரு வரிசையாகப் பார்த்தால் எந்த வீடு முன்னது, எந்த வீடு பின்னது என்று ஓரளவு ஊகித்துவிடலாம். பழைய வீட்டை இடிக்காமல் தரையை மட்டும் உயர்த்தியவர்களும் உண்டு. அங்கே ஜன்னலின் அடிவிளிம்பு தரைக்கு மிக அருகில் இருக்கும். கதவு குள்ளமாக இருக்கும்.

அடுத்து ஒட்டுகள். சாலையின் குறுக்கே வீட்டுக்கு வீடு போகும் குறுகிய ஒட்டு பெரும்பாலும் குடிநீர் அல்லது கழிவுநீர் இணைப்பு. சாலையின் நீளத்துக்கு ஓரமாகப் போகும் மெல்லிய ஒட்டு பெரும்பாலும் கேபிள். ஒரே இடத்தில் ஒட்டின் மேல் ஒட்டு விழுந்திருந்தால் அங்கே குழாய் அடிக்கடி உடைகிறது, அல்லது துறைகள் ஒன்றுக்கொன்று சொல்லாமல் தோண்டுகின்றன. மழையில்லாத நாளில் சாலையோரம் ஈரமாக, பச்சைப் பாசியுடன் இருந்தால் அடியில் கசிவு இருக்கலாம்.

இரும்பு மூடிகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள். வட்ட மூடி எப்படித் திருப்பினாலும் தன் துளைக்குள் விழாது. சதுர மூடி மூலைவாட்டில் திரும்பினால் விழுந்துவிடும். பாதாளச் சாக்கடை மூடிகள் பெரும்பாலும் வட்டமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். மூடியில் வார்த்திருக்கும் எழுத்துகள் எந்தத் துறை, சில சமயம் எந்த ஆண்டு என்பதைச் சொல்லும். துறையே பெயர் மாறிப்போயிருக்கும். மூடி பழைய பெயரையே தாங்கிக் கிடக்கும்.

நடைபாதையில் புடைப்புள்ள ஓடுகள் இருந்தால் அவற்றின் வழியே கொஞ்ச தூரம் போய்ப் பாருங்கள். பார்வையற்றோருக்கான இந்த ஓடுகளை ஜப்பானியரான செய்இச்சி மியாகே 1965-இல் உருவாக்கினார். 1967-இல் ஒகயாமா நகரில் அவை முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. நீளக் கோடுகள் என்றால் ‘இந்தத் திசையில் போகலாம்’, புள்ளிகள் என்றால் ‘நில், கவனி’. அந்தக் கோடு எங்கே முடிகிறது என்று பார்த்து எழுதுங்கள். மின்கம்பத்தில் முட்டி முடிகிறதா, நிறுத்திய வண்டிக்கு அடியில் மறைகிறதா, உண்மையாகவே சாலையைக் கடக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறதா? ஒரு நகராட்சியின் அக்கறையை அளக்க இதைவிட நேரடியான வழி எனக்குத் தெரியவில்லை.

புல்தரை உள்ள இடத்தில் ஒற்றையடித் தடங்களைத் தேடுங்கள். அழகாக வளைத்துப் போட்ட நடைபாதையை விட்டுவிட்டு மக்கள் குறுக்கே நடந்து உண்டாக்கிய தடம், பாதை எங்கே இருந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடும்.

மூன்றாம் படி: சுவர்

சுவரில் முதலில் பார்க்க வேண்டியது ஈரம். தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம்வரை பூச்சு பொரிந்து வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அது கீழிருந்து ஏறும் ஓதம். செங்கல்லில் உள்ள உப்பை நீர் கரைத்துக்கொண்டு வருகிறது. நீர் ஆவியாகிவிட, உப்பு வெளியே தங்கிவிடுகிறது. மேலிருந்து கீழே வழியும் கறை என்றால் கூரையிலோ குழாயிலோ கோளாறு. ஒரு தெரு முழுவதும் வீடுகள், மதில்கள், மரங்கள் எல்லாவற்றிலும் ஒரே மட்டத்தில் மங்கலான கோடு ஓடினால் அது வெள்ளம் நின்ற உயரம். அந்தக் கோட்டை உங்கள் உடம்பில் வைத்து அளந்துகொள்ளுங்கள்: முழங்காலா, இடுப்பா, மார்பா. பிறகு அந்தத் தெருவில் மின்சார மீட்டர்கள் எந்த உயரத்தில் பொருத்தப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். கோட்டுக்கு மேலே இடம் மாற்றியவர் யார், இன்னும் மாற்றாதவர் யார் என்று தெரிந்துவிடும்.

செங்கல் சுவரில் படிக்கட்டு மாதிரி சாய்வாக ஏறும் விரிசல், அஸ்திவாரத்தின் ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம் என்பதன் அடையாளம். பால்கனிக்கு அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தால் துரு தன் வேலையைக் காட்டியிருக்கிறது. துரு அதற்கு முன்பிருந்த இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் கான்கிரீட்டை உள்ளிருந்தே உடைத்துத் தள்ளுகிறது. அதற்கு நேர்கீழே நின்று குறிப்பெழுத வேண்டாம்.

வீடுகளின் முகப்பு ஒரே கோட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய கட்டடங்கள் தெருவை ஒட்டி முன்னே நிற்க, புதியவை எல்லாம் சில அடி பின்வாங்கி நின்றால், சாலையை அகலமாக்கும் விதி ஒன்று இடையில் வந்திருக்கிறது. முகப்பே இல்லாமல் அறுத்துவிட்டது போல நிற்கும் கட்டடம் ஏற்கெனவே நடந்த அகலப்படுத்தலில் மாட்டியது. நேரான தெருக்களுக்கு நடுவே ஒன்று மட்டும் காரணமில்லாமல் வளைந்து போனால் அது பழைய ஓடையாகவோ வயல் வரப்பாகவோ இருந்திருக்கலாம். இதை நடையின்போதே முடிவு செய்துவிடாதீர்கள்; வீட்டில் பழைய வரைபடம் பார்க்கும்வரை கேள்விக்குறியுடன் வைத்திருங்கள்.

மரங்களையும் சுவர்களோடு சேர்த்தே பார்ப்பது என் வழக்கம், ஏனென்றால் இரண்டும் ஒன்றையொன்று தின்கின்றன. மரம் நுனியில்தான் உயர்கிறது. அடிமரம் பருக்கிறதே தவிர மேலே நகர்வதில்லை. ஆகவே கண் மட்டத்தில் அடித்த ஆணி பல ஆண்டுகளுக்குப் பிறகும் அதே உயரத்தில்தான் இருக்கும், பட்டைக்குள் புதைந்துபோய். வேலிக் கம்பியை விழுங்கிய மரம் வேலிக்கு மூத்ததா இளையதா என்று யோசித்துப் பாருங்கள். ஒரே வகை, ஒரே பருமன், ஒரே இடைவெளி என்றால் ஒரே காலத்தில் நட்டவை. இடைவெளி இரட்டிப்பாக இருக்கும் இடத்தில் ஒன்று போய்விட்டது.

பட்டையின் மேல் லைக்கன் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர்) படர்ந்திருக்கிறதா? பின்லாந்துத் தாவரவியலாளர் வில்லியம் நைலாண்டர், பாரிஸின் மற்ற இடங்களைவிட லக்சம்பர்க் தோட்டத்தில் லைக்கன்கள் செழித்திருப்பதைக் கவனித்து, அவை காற்றின் தூய்மையைக் காட்டுகின்றன என்று 1866-இல் எழுதினார். பட்டையோடு ஒட்டிய பொருக்கு வகை மாசைப் பெரும்பாலும் தாங்கும். தாடி போலத் தொங்கும் வகை தாங்காது. பெரிய சாலையோர மரத்தையும் உள்தெரு மரத்தையும் ஒப்பிட்டால் வேறுபாடு தெரியலாம்.

நான்காம் படி: தலைக்கு மேல்

கம்பங்களில் பெரும்பாலும் மின்கம்பிகள் மேலேயும் தொலைபேசி, இணையக் கம்பிகள் கீழேயும் இருக்கும். கீழடுக்கில் சுருட்டிக் கட்டிய கேபிள் மூட்டைகள் எந்தக் கட்டடத்துக்கு அருகில் அதிகம் என்று பார்த்தால் அங்கே வாடகைக்கு ஆட்கள் அடிக்கடி மாறுகிறார்களோ என்று சந்தேகிக்கலாம். கடைவீதியில் தரைத்தளம் காலத்துக்குக் காலம் முகம் மாற்றிக்கொள்ளும். முதல் மாடியிலிருந்து மேலே பார்த்தால் கட்டிய காலத்து வேலைப்பாடும், சில இடங்களில் சுண்ணாம்பில் புடைத்த ஆண்டும் அப்படியே இருக்கும். ஷட்டர்கள் மூடியிருக்கும் காலை நேரம் இதற்கு உகந்தது.

கதவிலக்கங்களையும் விடாதீர்கள். பாரிஸில் 1805-இல் வந்த ஒழுங்கின்படி ஒற்றைப்படை இடப்பக்கம், இரட்டைப்படை வலப்பக்கம். ஆற்றை விட்டு விலகும் தெருக்களில் எண்கள் சேன் நதியிலிருந்து தொடங்குகின்றன. ஜப்பானில் பெரும்பாலும் தெருவுக்குப் பதிலாக, தெருக்களுக்கு நடுவே உள்ள கட்டடத் தொகுதிக்கு எண் தருகிறார்கள். நீங்கள் நடக்கும் தெருவில் எண் எந்தப் பக்கமிருந்து தொடங்குகிறதோ அந்தப் பக்கத்தைத்தான் எண் கொடுத்தவர்கள் தலைப்பாகக் கருதியிருப்பார்கள். ஓர் எண்ணுக்குப் பின்னால் எழுத்துகள் பெருகினால் மனை பிரிந்திருக்கிறது. இரண்டு மூன்று எண்கள் காணாமல் போயிருந்தால் மனைகள் சேர்ந்திருக்கின்றன.

ஐந்தாம் படி: ஒரே இடத்தில் நில்லுங்கள்

நடையின் நடுவே கால் மணி நேரம் ஒரே இடத்தில் நிற்க வேண்டும், அல்லது உட்கார வேண்டும். பலர் தவிர்ப்பது இதைத்தான். சும்மா நிற்பது கூச்சமாக இருக்கிறது. குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டால் கூச்சம் பாதி குறையும்.

1970-களில் நியூயார்க்கின் சதுக்கங்களைக் கேமரா வைத்து ஆராய்ந்த வில்லியம் ஒயிட் கண்டறிந்தவை இன்றும் சுவையானவை. தெரிந்தவரைச் சந்தித்துப் பேச நிற்பவர்கள் ஓரமாக ஒதுங்குவார்கள் என்றுதான் நாம் நினைப்போம். அவர்களோ ஆள் நடமாட்டத்தின் நட்டநடுவே நின்றார்கள். நகர்த்தக்கூடிய நாற்காலி கிடைத்தால் தேவையே இல்லாவிட்டாலும் சில அங்குலம் நகர்த்திவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். உட்கார வசதி உள்ள இடத்தில்தான் அதிகம் பேர் உட்கார்ந்தார்கள் என்பது சொல்லத் தேவையில்லாத உண்மை போலத் தோன்றும். ஆனாலும் திண்ணை விளிம்பில் இரும்புக் குமிழ் பதித்து யாரும் உட்காராமல் தடுக்கும் கட்டடங்களை எந்த நகரத்திலும் பார்க்கலாம்.

நீங்கள் நிற்கும் இடத்தில் ஒன்றை மட்டும் எண்ணுங்கள். சாலையைக் கடப்பவர்களில் எத்தனை பேர் குறியிட்ட இடத்தில் கடக்கிறார்கள், அல்லது நிழல் பக்கம் நடப்பவர் எத்தனை பேர், வெயில் பக்கம் எத்தனை பேர். நிழலில் உள்ள தரை, வெயிலில் உச்சமாகச் சுடும் தரையைவிட 11 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்திருக்கலாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. மரம் இருக்கும் பக்கத்தைக் கால்கள் தேர்ந்தெடுப்பதில் வியப்பில்லை. வேகத்தையும் அளக்கலாம்: இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒருவர் எத்தனை நொடியில் போகிறார்? மக்கள்தொகை கூடக் கூட நடை வேகமும் கூடுவதாக மார்க், ஹெலன் போர்ன்ஸ்டைன் இருவரும் பல நாட்டு ஊர்களில் அளந்து 1976-இல் வெளியிட்டார்கள். ஒரே பகுதிக்குள்ளேயே பெரிய சாலைக்கும் உள்தெருவுக்கும் அந்த வேறுபாடு இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல வேலை.

ஒரு கண்டிப்பு. மனிதர்களை எண்ணலாம், நடமாட்டத்தை வரையலாம். முகத்தைப் படமெடுக்கவோ திறந்த ஜன்னலுக்குள் பார்வையை விடவோ கூடாது. யாராவது ‘என்ன எழுதுகிறீர்கள்?’ என்று கேட்டால் குறிப்பேட்டைக் காட்டிவிடுங்கள். பெரும்பாலும் அதன்பிறகு அவரே பத்து செய்திகள் சொல்வார்.

கண்ணை மூடி இரண்டு நிமிடம் கேட்கவும் வேண்டும். கனடா இசையமைப்பாளர் மரே ஷேஃபர், 1960-களின் இறுதியில் தொடங்கிய ஒலியாய்வில், ஓர் இடத்தின் ஒலிகளை மூன்றாகப் பிரித்தார்: பின்னணியில் ஓடிக்கொண்டே இருப்பது, நம்மைத் திரும்ப வைப்பது, அந்த இடத்துக்கே உரியது. முதல் வகையைப் பிடிப்பதுதான் கடினம். மின்மாற்றியின் ரீங்காரம் அப்படிப்பட்டது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அலை) என்றால் அதன் அடிநாதம் 100 ஹெர்ட்ஸ்.

ஆறாம் படி: எழுதும் முறை

குறிப்பேட்டின் நடுவே ஒரு கோடு கிழியுங்கள். இடப்பக்கம் கண்டது, வலப்பக்கம் ஊகித்தது. ‘பூட்டிய வீடு, வாசலில் தபால்கள் குவிந்திருக்கின்றன, துளசிச்செடியோ பூச்செடியோ எதுவும் வாடவில்லை’ என்பது இடப்பக்கம். ‘ஆள் இல்லை, ஆனால் பக்கத்து வீட்டார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்’ என்பது வலப்பக்கம். இந்தக் கோடு இல்லாவிட்டால் மாலைக்குள் இரண்டும் கலந்து, ஊகித்ததையே கண்டதாக நினைவு சொல்லும். ‘அழகான தெரு’, ‘அழுக்கான தெரு’ போன்ற சொற்கள் எந்தப் பக்கத்திலும் வேண்டாம். அழுக்கு என்றால் என்ன கிடக்கிறது, எங்கே, எவ்வளவு?

பத்து வரிக்கு மேல் எழுத வேண்டியதில்லை. ஒவ்வொரு குறிப்புக்கும் நேரமும் இடமும் இருக்கட்டும்.

ஏழாம் படி: திரும்பி வந்த பிறகு

அன்றைக்கே, நினைவிலிருந்து, பகுதியின் வரைபடத்தைக் கையால் வரையுங்கள். அளவு தப்பினால் பரவாயில்லை. பிறகு உண்மையான வரைபடத்தை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். நீங்கள் நீளமாக வரைந்த தெரு உண்மையில் குட்டையாக இருந்தால் அங்கே பார்க்க நிறைய இருந்திருக்கிறது. முற்றிலும் விட்டுப்போன தெருவில் ஏன் எதுவும் மனத்தில் தங்கவில்லை என்பது அடுத்த நடைக்கான கேள்வி. பழைய வரைபடமோ பழைய செயற்கைக்கோள் படமோ கிடைத்தால் வலப்பக்க ஊகங்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். வளைந்த தெரு ஓடையா இல்லையா என்று அங்கே தெரியலாம்.

எரியாத விளக்கு, உடைந்த மூடி, நீர்க்கசிவு ஆகியவற்றைக் கம்பத்து எண்ணோடு உரிய துறைக்குத் தெரிவித்துவிடுங்கள்; இடமும் நேரமும் ஏற்கெனவே உங்கள் குறிப்பில் இருப்பதால் சில நிமிட வேலைதான். பிறகு அதே சுற்றை வேறொரு விடுமுறை நாளின் மாலையில், எதிர்த்திசையில் நடக்க நாள் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவர்கள் எல்லாம் இப்போது முகத்துக்கு நேரே வரும். இடப்பக்கக் குறிப்புகளை எடுத்துப்போய், புகார் கொடுத்த மூடி மாறியிருக்கிறதா என்பதிலிருந்து தொடங்குங்கள்.